தங்கு என்று ஒரு பெயர்

கெடா மாநிலத்துப் பாடாங் செராயிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறாள். கையில் ஏழு வாரப் பெண் குழந்தை. அதற்கு முன் ஒன்று ஐந்தாம் மாதத்திலேயே போய்விட்டது. இரவில் மூன்று நான்கு முறை எழுந்து குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறாள். பிரசவம், புதுத் தாய்மை, பிள்ளையைப் பறிகொடுத்துவிடுவோமோ என்கிற பயம், இவற்றைப் பற்றிய நாவல்களைப் படிக்க ஆசை. மாமியாரோ, "பச்சை உடம்புக்காரி சாவுக் கதை படிக்கக் கூடாது" என்று புத்தகத்தைப் பிடுங்கி அலமாரிக்கு மேல் வைத்துவிட்டாராம். "மிஸ்ஸி, நான் படிக்கலாமா? எதைப் படிக்கட்டும்?" இதுதான் கேள்வி.

படிக்கலாம் மகளே. எல்லாவற்றையும் அல்ல, எல்லாம் இப்போதே அல்ல, இரவு இரண்டு மணிக்கு நிச்சயமாக அல்ல. மாமியார் மேல் கோபப்படாதே. அவர் சொல்வதில் பாதி சரி. மற்றப் பாதியைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

28 ஆண்டுகள் தாய்சேய் கிளினிக்கில் தாதியாக, ஊர்வாயில் மிஸ்ஸியாக, இருந்தவள் நான். அதில் முதல் பத்தாண்டும் மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய், பிள்ளை பெற்றவளைப் பார்த்து, தொப்புளைத் துடைத்து, குழந்தையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து தோலில் மஞ்சள் ஏறியிருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பதே வேலை. ஒருநாள் ஒரு லயத்து வீட்டில், பேத்திக்குப் பக்கத்தில் படுத்திருந்த கிழவி, தலையணையிலிருந்து ஒரு துளி இலவம்பஞ்சைப் பிய்த்துக் குழந்தையின் மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பஞ்சின் மயிரிழை அசைந்ததும் கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பிடித்தாள். நீ விரல் வைக்கிறாய், அவள் பஞ்சு வைத்தாள். அவ்வளவுதான் வித்தியாசம். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க பாட்டி?" என்று கேட்டேன். "பெத்தது ஏழு, தங்கினது நாலு" என்றாள், சந்தைக் கணக்குச் சொல்வதுபோல.

தங்கினது. இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

நம்மவர்கள் இந்தப் பயத்தின் பெயரைச் சொல்லாமலே அதைக் கையாண்டவர்கள். குழந்தைக்கு உரசுகிற வசம்பைப் பெயர் சொல்லிக் கேட்க மாட்டார்கள், "பேர்சொல்லாதது" என்பார்கள். அம்மை போட்டால் "அம்மா வந்திருக்கிறாள்". இரண்டு பிள்ளை போய் மூன்றாவது பிறந்தால் அதைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்பார்கள். பிறத்தியாரிடம் கொடுத்து ஒரு பிடி தவிட்டுக்கு வாங்கியதாகச் சொல்வார்கள். பிச்சை என்று பெயர் வைப்பார்கள். எமனே வந்தாலும் இந்தக் குப்பையை யார் கேட்பார் என்று முகம் சுளித்துத் திரும்பிவிடுவானாம். (வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுவதை மட்டும் விட்டுவிடு. ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் தவிர ஒன்றும் வேண்டாம். மிஸ்ஸி வேலையை விட்டாலும் வாய் விடவில்லை.)

இதெல்லாம் மூடத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். பயத்துக்கு ஒரு வேலை கொடுத்து உட்கார வைக்கிற வித்தை அது. ஆனால் அதில் ஓர் ஓட்டை உண்டு. ஐந்தாம் மாதத்தில் போன உன் பிள்ளைக்குப் பதினாறும் இல்லை, படையலும் இல்லை, பெயரும் இல்லை. "சரி விடு, அடுத்தது நிக்கும்" என்றிருப்பார்கள். இப்போது நீ இரவில் எழுந்து பார்ப்பது இந்தக் குழந்தைக்காக மட்டும்தானா என்று எனக்கு ஒரு சந்தேகம். வீட்டில் வாய்விட்டுச் சொல்ல இடமில்லாததை நாவல் சொல்லும். மாமியாரோடு நான் மாறுபடுகிற பாதி இதுதான்.

முதலில் டால்ஸ்டாய். சிரிக்காதே, "அன்னா கரீனினா" கள்ளக் காதல் கதைதானே என்று. அதை எழுதிய 1873 முதல் 1877 வரையிலான காலத்தில் அவரும் அவர் மனைவியும் மூன்று கைக்குழந்தைகளைப் புதைத்தார்கள். பெற்றது பதின்மூன்று, தங்கியது எட்டு. அந்த வீட்டிலிருந்து வந்த நாவல் அது.

நீ முழுதும் படிக்க வேண்டாம். ஏழாம் பாகத்தில் கிட்டிக்குப் பிரசவ வலி எடுக்கும் இடத்தைப் படி. எல்லாம் கணவன் லெவினின் கண் வழியாக நடக்கிறது. கடவுளை நம்பாதவன் அன்று இரவு முழுக்க ஆண்டவனைக் கூப்பிடுகிறான். பிள்ளை பிறந்து, சிவந்து சுருங்கிய அந்த உருவத்தைக் காட்டும்போது அவனுக்கு எதிர்பார்த்த ஆனந்தம் வரவில்லை. இனிமேல் தன்னைக் காயப்படுத்த உலகத்தில் புதிதாக ஓர் இடம் திறந்துவிட்டது என்கிற பயம்தான் வருகிறது. நடுவில் குழந்தை தும்முகிறது. அந்தத் தும்மலுக்கு மட்டும் அர்த்தமில்லாத ஒரு பெருமை. நீ கேட்ட பயத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. உன் கணவருக்கும் அந்தப் பக்கங்களைப் படித்துக் காட்டு. ஆண்பிள்ளைகள் பயத்தைச் சொல்ல மாட்டார்கள், மோட்டார் சைக்கிளைக் கழுவுவார்கள்.

ஆறாம் பாகத்தில் இன்னோர் இடம் இருக்கிறது, அதிகம் பேர் பேசாதது. டாலி, பல பிள்ளைகள் பெற்றவள், குதிரை வண்டியில் தனியாகப் போகிறாள். வீட்டில் நினைக்கவே நேரமில்லாததையெல்லாம் வண்டியில் நினைக்கிறாள். மசக்கை, பிரசவம், காம்பு வெடித்து ஒவ்வொரு பிள்ளைக்கும் பட்ட வேதனை. பிறகு தொண்டை அடைப்பு நோயில் போன கடைக்குட்டி. சிறிய இளஞ்சிவப்புச் சவப்பெட்டியை மூடும் நேரத்தில் தெரிந்த அந்த நெற்றி. வழியில் ஒரு சத்திரத்தில் ஒரு குடியானவப் பெண்ணிடம், உனக்குப் பிள்ளை உண்டா என்று கேட்டிருந்தாள் டாலி. ஒரு பெண் பிள்ளை இருந்தது, ஆண்டவன் என்னை விடுவித்துவிட்டான், போன நோன்பில் புதைத்தேன் என்றாளாம் அவள். அப்போது டாலிக்கு அருவருப்பாக இருந்தது. வண்டி ஓட ஓட, அந்தக் கொடுமையான பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருப்பதாகத் தோன்றுகிறது. ஒரு தாய் இப்படி நினைக்கலாமா என்று டால்ஸ்டாய் தீர்ப்புச் சொல்லவில்லை. வண்டியைப் போகவிட்டுவிடுகிறார். நம் வாசகர் வட்டத்தில் இந்த இரண்டு பக்கத்தைப் படித்தபோது, நாலு பிள்ளை பெற்ற ஒரு அம்மா, "எனக்கும் பஸ்ஸில்தான் இப்படி நினைப்பு வரும்" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாவது, பேர்ல் பக் 1931-இல் எழுதிய "நல்ல நிலம்". சீனக் குடியானவன் வாங் லுங், மனைவி ஓ-லான். கதவைச் சாத்திக்கொண்டு தனியே பிள்ளை பெறுகிறாள் அவள், தொப்புள்கொடி அறுக்க ஒரு நாணல் சீவல் மட்டும் கேட்கிறாள். ஆனால் நான் உனக்குக் காட்ட விரும்புவது வேறு இடம். புத்தாண்டுக்கு மகனுக்குப் புதுத் துணி உடுத்திப் பெரிய வீட்டுக்குத் தூக்கிப்போய்க் காட்டிவிட்டுத் திரும்புகிறார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக மனம் நிறைந்திருக்கிறது. அந்த நிறைவே அவனைத் திடுக்கிட வைக்கிறது. திறந்த வானத்தின் கீழ் இப்படி மகிழ்ச்சியாக நடப்பதா! சட்டென்று குழந்தையை உடுப்புக்குள் மறைத்துக்கொண்டு, பாவம், யாருக்கும் வேண்டாத பெண் பிள்ளை, உடம்பெல்லாம் அம்மை வேறு, இது செத்தால் தேவலை என்று காற்றுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்கிறான். அவளும் அவசரமாக ஆமாம் போடுகிறாள். கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்து, "என்னத்தக் குழந்தை, நோஞ்சான்" என்று சொல்கிற நம் அப்பாயிகளுக்கும் அவனுக்கும் கடல்தான் இடைவெளி. கண்ணேறுக்கு வைத்த வேஷம் "பெண்" என்பது எனக்கு இன்றும் உறுத்தும். உனக்கும் உறுத்தும். அந்த வருகையோடு புத்தகத்தை மூடிவிடு. பஞ்சம் வருகிற அத்தியாயங்களில் ஒரு குழந்தைக்கு நேர்வது இப்போது உனக்கு வேண்டாம்.

இனி, தங்கினது என்ற சொல்லுக்கு வருகிறேன்.

நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் அபிகு என்றொரு நம்பிக்கை உண்டு. பிறந்து பிறந்து இறந்து, அதே தாயின் வயிற்றுக்கே திரும்பத் திரும்ப வரும் பிள்ளை. அதைப் பிடித்து நிறுத்தப் பெயராலே கெஞ்சுவார்கள். மலோமோ என்றால் இனிப் போகாதே. கொகுமோ என்றால் இனிச் சாகாது. ரொட்டிமி என்றால் என்னோடு தங்கு. நம் குப்பனும் பிச்சையும் எமனை ஏமாற்றுகிற பெயர்கள். அவர்களுடையவை பிள்ளையிடமே பேசுகிற பெயர்கள். ஆனால் அந்த லயத்துக் கிழவியின் வாயில் வந்த அதே வினைச்சொல்! கடல் தாண்டிய இரண்டு மொழிகளில் பிள்ளை சாவதில்லை, தங்காமல் போகிறது.

அயோபாமி அடேபாயோவின் "ஸ்டே வித் மீ" (2017) ரொட்டிமி என்கிற பெயரின் பொருளைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறது. யெஜிதேவுக்குக் கல்யாணமாகிப் பல ஆண்டு குழந்தை இல்லை. மாமியார் வீட்டார் கணவனுக்கு இரண்டாம் மனைவியைக் கூட்டிவந்து வரவேற்பறையில் உட்கார வைக்கிறார்கள். ஒரு சாமியார் பேச்சைக் கேட்டு மலையேறி ஒரு ஆட்டுக்குட்டிக்குப் பால் கொடுக்கிறாள். பிறகு வயிறு பெருக்கிறது, ஆனால் ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இதெல்லாம் கதையின் முன்பாதி, சிரிப்பும் வயிற்றெரிச்சலும் கலந்தது. தோட்டத்தில் வளர்ந்த எவளுக்கும் புதிதல்ல. பின்பாதியில் பிள்ளைகள் பிறக்கிறார்கள், போகிறார்கள். காரணம் பேய் அல்ல, இரத்தத்தில் இருக்கும் சிக்கிள் செல் நோய். மூன்றாவதாக ரொட்டிமி பிறக்கும்போது யெஜிதே ஒரு காரியம் செய்கிறாள், அதற்காகத்தான் இந்த நாவலை உனக்குச் சொல்கிறேன். அந்தக் குழந்தையின்மேல் பாசம் வைக்க மறுக்கிறாள். எப்படியும் போகப் போகிற பிள்ளைதானே என்று மனத்தைத் தூரத்தில் நிறுத்திவைக்கிறாள்.

பிள்ளையை விட்டு நகராத தாயின் பயத்தை எல்லாரும் பார்ப்பார்கள். பிள்ளையை நெருங்காத தாயின் பயத்தை யாரும் பயம் என்று சொல்ல மாட்டார்கள், "கல்நெஞ்சுக்காரி" என்பார்கள். ஒருமுறை எங்கள் கிளினிக்கில் நானே அப்படி நினைத்திருக்கிறேன். முதல் குழந்தையை இழந்த ஒரு பெண், இரண்டாவதைத் தராசில் போட்டுவிட்டு எடையைக்கூடக் கேட்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளைக் கடிந்துகொண்டேன். இந்த நாவலை அன்று படித்திருந்தால் வாயை மூடிக்கொண்டு எடையை நானே சொல்லியிருப்பேன்.

நைஜீரியாவிலிருந்தே இன்னொன்று, புச்சி எமெச்செட்டாவின் "தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்" (1979). தலைப்பை நம்பி வாங்காதே, தாய்மையின் மகிழ்ச்சிகள் என்பது கசப்பான கிண்டல். முதல் அத்தியாயத்திலேயே, நாலு வாரக் குழந்தையை இழந்த நு ஈகோ, மார்பில் பால் கசியக் கசிய லாகோஸ் பாலத்தை நோக்கி ஓடுகிறாள், குதித்துவிட. அதனால் உனக்கு இப்போது கூடாது, அடுத்த ஆண்டு படி. அவள் காப்பாற்றப்படுகிறாள், பிள்ளைகள் நிறையப் பெறுகிறாள், அவர்களுக்காகவே தேய்ந்து, கடைசியில் கையைப் பிடிக்க ஒரு பிள்ளையும் பக்கத்தில் இல்லாமல் சாலையோரத்தில் சாகிறாள். பிறகு அவளுக்குக் கோயில் கட்டுகிறார்கள். பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் வருகிறார்கள். அவள் யாருக்கும் வரம் கொடுப்பதில்லை!

இந்த இடத்தில் எனக்கு நம் பெரியாச்சி நினைவுக்கு வருவாள். முப்பதாம் நாள் தீட்டுக் கழித்து நீயும் அவளுக்குப் படையல் போட்டிருப்பாய். அந்தச் சிலையை நின்று பார்த்திருக்கிறாயா? மடியில் வயிறு கிழிந்த ஒரு பெண், காலடியில் ஒரு ராஜா, உயர்த்திய ஒரு கையில் மட்டும் மண்ணில் படாமல் ஒரு குழந்தை. பிள்ளை பெற்றவளைக் காக்கும் தெய்வத்துக்கே இந்த உருவம்தான். "சாவுக் கதை வேண்டாம்" என்கிற மாமியார்தான் உன்னை அவள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருப்பார். அதைச் சொல்லி அவரிடம் வாதாடாதே, நான் சொன்னேன் என்றும் சொல்லாதே.

டோனி மோரிசனின் "பிலவட்" (1987) பற்றியும் கேட்டிருக்கிறாய். பெரிய நாவல். அடிமை வாழ்க்கைக்குத் திரும்பவும் இழுத்துப் போவார்கள் என்ற கணத்தில் ஒரு தாய் தன் மகளைத் தன் கையால் கொல்கிறாள். 1856-இல் மார்கரெட் கார்னர் என்ற பெண் செய்ததிலிருந்து பிறந்த கதை. ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போட்ட நல்லதங்காளை அறிந்த நமக்கு இது அந்நியமல்ல. ஆனால் பால் கொடுக்கும் காலத்துக்கு உரியதல்ல. மேகி ஓ'ஃபாரலின் "ஹாம்னெட்" (2020) பரவாயில்லை என்பார்கள். பதினொரு வயது மகன் சாகிற கதை அது. பிரசவப் பகுதிகள் அருமை, மற்றது பிறகு.

"தமிழில் ஒன்றும் இல்லையா மிஸ்ஸி?" என்று கேட்பாய். இருக்கிறது, குறைவு. எனக்கு நெடுநாள் மனக்குறை இது. நம் நாவல்களில் வரும் அம்மாக்கள் பெரும்பாலும் வளர்ந்த மகனுக்கு அம்மாக்கள். "அம்மா வந்தாள்" அலங்காரத்தம்மாளை அவளுடைய வாலிப மகன் அப்புவின் வழியாகத்தான் அதிகம் அறிகிறோம். கைக்குழந்தையோடு இரவில் விழித்துக் கிடக்கிறவளின் பார்வையில் நாவல் அபூர்வம். எழுத வேண்டியவளுக்குக் கை ஒழியவில்லை என்பதுதான் காரணம் என்று நான் சொல்வேன். இத்தனைக்கும் பழைய பிள்ளைத்தமிழ் நூல்களில் முதல் பருவமே காப்பு. செங்கீரைக்கும் தாலாட்டுக்கும் சப்பாணிக்கும் முன்னால், இந்தப் பிள்ளையைக் காப்பாற்றுங்கள் என்று தெய்வங்களை வரிசையாகக் கூப்பிட்ட பிறகுதான் புலவரே கொஞ்ச ஆரம்பிக்கிறார்.

பெருமாள்முருகனின் "மாதொருபாகன்" (2010) பிள்ளையில்லாத பொன்னாவும் காளியும் படும் பாடு. அதன் தொடர்ச்சியாக இரண்டு நாவல்கள், ஒன்றில் காளி இறந்துவிடுகிறான், மற்றொன்றில் பிழைத்திருக்கிறான். "ஆலவாயன்" நாவலில் புருஷன் போன வீட்டில் பொன்னா வயிற்றுப் பிள்ளையோடு நிற்கும் பகுதி உனக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். சுற்றி எப்போதும் பெண்கள் இருக்கிறார்கள், அது ஆறுதல். ராஜம் கிருஷ்ணன் பெண் சிசுக்கொலை பற்றி எழுதிய "மண்ணகத்துப் பூந்துளிகள்" இப்போது வேண்டாம். நம் லுனாஸ் பக்கத்துத் தோட்டத்தையும் 1981-இல் விஷச் சாராயம் குடித்துச் செத்தவர்களையும் வைத்து ம. நவீன் எழுதிய "பேய்ச்சி" (2019), காக்கிற தாயும் கொல்கிற தாயும் ஒருத்திதான் என்பதைத் தொடுகிறது. ஆனால் 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அதைத் தடை செய்துவிட்டது, அதனால் என்னிடம் கேட்காதே.

ஒரு சிறுகதை மட்டும் கணவர் பக்கத்தில் இருக்கும்போது படி. சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1892-இல் வெளியிட்ட "தி யெல்லோ வால்பேப்பர்". பிள்ளை பெற்றவளுக்கு மனம் சரியில்லை என்று, மருத்துவனான கணவனே அவளை ஓர் அறையில் படுக்க வைத்து, எழுதாதே, யோசிக்காதே என்கிறான். அவள் சுவர்த்தாளைப் பார்த்துப் பார்த்தே பிறழ்ந்துபோகிறாள். கில்மன் தாமே அப்படியொரு "ஓய்வு வைத்தியத்தை" அனுபவித்தவர்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பயம் எதுவரை பயம், எங்கே நோய் என்று நீ கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். இரவில் எழுந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் தூங்கிவிடுகிறாயா? நல்லது. குழந்தை நன்றாகத் தூங்கும்போதும் உனக்குத் தூக்கம் வரவில்லையா, எல்லாம் உன் தப்பு என்று தோன்றுகிறதா, குழந்தைக்கோ உனக்கோ நீயே ஏதாவது செய்துவிடுவாய் என்று எண்ணம் வருகிறதா? அப்படியானால் நாவலை வைத்துவிட்டு அன்றைக்கே கிளினிக்குக்குப் போ. 1987-இல் எடின்பரோவில் உருவாக்கிய பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது, இதைத்தான் கேட்கும். உனக்கே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்று கேட்கிற பத்தாவது கேள்விக்குப் பொய் சொல்லாதே. கிளினிக் மூடியிருந்தால் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555 இருக்கிறது. உயிருக்கே ஆபத்து என்று தோன்றினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொல். இது வெட்கப்படுகிற காரியமே இல்லை, காய்ச்சல் மாதிரி.

மற்றபடி, பகலில் படி. பால் கொடுக்கும்போது ஒரு கையால் பிடிக்கத் தோதான மெல்லிய புத்தகமாக எடு. டால்ஸ்டாயைத் தலையணைமேல் சாய்த்து வைக்க வேண்டும், கை வலிக்கும். கைப்பேசி வெளிச்சத்தில் படிக்காதே, குழந்தை விழித்துக்கொள்ளும். 98 நாள் பிரசவ விடுப்பில் உனக்கு இன்னும் பாதிதான் மிச்சம் இருக்கும், அதனால் இந்தப் பட்டியலை முடிக்க வேண்டும் என்று ஓடாதே.

வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்காரருக்கு விடுமுறைதானே, காலையில் அவரை அனுப்பு. "ஸ்டே வித் மீ" என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. நடுவில் ஒரு பகுதியைக் காகித கிளிப் போட்டு மடித்து வைத்திருக்கிறேன். அங்கே என்ன நடக்கிறது என்று மேலே சொல்லிவிட்டேன், கதை விட்டுப்போகாது. கிளிப்பைக் கழற்றாமல் தாண்டிப் படி. உன் மகள் தவழ ஆரம்பித்த பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு வா, எடை பார்த்துவிட்டுக் கிளிப்பை நானே எடுத்துத் தருகிறேன்.